முதுகு காட்டிய கனவான்

கனவான் என்றொரு இனம் எங்கள் ஊரில் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நின்றாலும் நடந்தாலும் கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைப்பாக இருப்பார். பெண்கள் உள்ளே வந்தால் எழுந்திருப்பார், அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார், அந்த நேரம் பார்த்து இன்னொருத்தி வந்தால் மறுபடி எழுந்திருப்பார். பசி வயிற்றைக் கிள்ளினாலும் தட்டில் கொஞ்சம் மிச்சம் வைப்பார். தெருவில் தெரியாதவர் காலை மிதித்துவிட்டால்கூட, யாராவது அறிமுகம் செய்துவைத்த பிறகுதான் மன்னிப்புக் கேட்பார். மனிதரிடம் குறை சொல்ல முடியுமா? முடியாது.

மிஸ்டர் லையனல் பெல்ஃபீல்ட் அந்த இனத்தில் முதல் தரம். எங்கள் ஊர்ப் பெண் ஹெஸ்டருக்கு அவரைப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டு அவள் ஜெபித்ததே, "ஆண்டவரே, இன்னைக்காவது இவர் வாயத் திறந்து கேக்கணும், நான் சரின்னு சொல்லணும்" என்றுதான். அன்றைக்குப் பிரசங்கம், துன்பப்படுகிறவனுக்குக் கை கொடுப்பது பற்றி. லையனல் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.

ஆராதனை முடிந்து இருவரும் வயல் வழியாகத் திரும்பினார்கள். ஹெஸ்டரின் அத்தை வேண்டுமென்றே வேகமாக முன்னால் போய்விட்டாள். நடுவில் ஒரு வேலி. மாடு தாண்டாமல் ஆள் மட்டும் ஏறி இறங்க மரப்படி வைத்திருந்தார்கள். பெண்பிள்ளை ஏறினால் கணுக்கால் தெரியுமே! அதனால் கனவான் முதலில் தாண்டி, அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். லையனல் நின்றார்.

ஹெஸ்டர் மேல்படியில் கால் வைத்தாள். கூடை கவிழ்த்தாற்போல் கம்பிவளையம் வைத்த பாவாடை, ஆணியில் வசமாக மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அப்போது பார்த்து, வாத்து வளர்க்கும் பெக்கியின் முரட்டு ஆண்வாத்து கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வந்தது.

"மிஸ்டர் பெல்ஃபீல்ட், கொஞ்சம் திரும்புங்க!"

"இறங்கிட்டீங்களா?"

"இல்ல, மாட்டிக்கிட்டேன்!"

"இறங்காம நான் எப்படித் திரும்புறது? நிதானமா வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"எனக்கு அவசரம்! வாத்து கடிக்குது!"

"நான் எதையும் பாக்கல, மிஸ் ஹெஸ்டர். சத்தியமா பாக்கல."

அவள் கவலையே அதுதானே!

லையனலுக்கோ, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றதில் எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, எதிரே மேய்ந்த மாட்டைப் பார்த்து ஆரம்பித்தார். "ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களா? உங்க மேல ஒரு தூசி விழ விடமாட்டேன். எந்த ஆபத்து வந்தாலும் நான் முன்னால நிப்பேன்."

முன்னால்தான் நின்றார். அதில் பொய்யில்லை.

பெக்கி துடைப்பத்தோடு ஓடிவந்தாள். "ஏய், போ அந்தாண்ட! ஏன் தாயி, அந்தத் தொர என்ன, நட்டுவச்ச கம்பமா?"

"கல்யாணத்துக்குக் கேக்குறாரு."

"யாரை? மாட்டையா?"

ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. பெக்கி இழுத்த இழுப்பில் பாவாடை கிழிந்தது. ஹெஸ்டர் வேலியைத் தாண்டாமல், வந்த கோயில் பக்கமே இறங்கினாள். காலையில் ஆண்டவரிடம் கேட்டதில் பாதி கிடைத்துவிட்டது. அவள் சரி என்று சொல்கிற பாதிதான் மிச்சம்.

"இறங்கிட்டேன், மிஸ்டர் பெல்ஃபீல்ட்."

அவர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "உங்க பதில்?"

"வேண்டாங்க."

"நான் ஏதாவது மரியாதைக் குறைவா நடந்துக்கிட்டேனா?"

"இல்லவே இல்லீங்க. ஆனா நான் இங்க மாட்டிக்கிட்டு நின்னது வாத்துக்காவது தெரிஞ்சுது."

அவர் இடுப்பை எவ்வளவு வளைக்கணுமோ அவ்வளவு வளைத்து வணங்கினார். ஹெஸ்டர் பாவாடையைத் தைத்துக்கொள்ள பெக்கி வீட்டுக்குப் போனாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். பக்கத்து வீட்டில் யாரோ அழுதபோது, "அடுத்தவங்க விஷயம், நாம எப்படிப் போறது" என்று மரியாதையாக ஜன்னலைச் சாத்தியது யார்? நான் கேட்கமாட்டேன். கேட்டால் உங்களுக்குச் சங்கடம். இதோ, நானும் முதுகைத் திருப்பிக்கொள்கிறேன்.