கலியனின் முதல் பக்கம்

அன்று பயிற்சி அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேஜையின் கோடியில், மின்விசிறிக்கு நேர் கீழே, மேனேஜர் சுப்பிரமணி. அவருக்கு வலப்பக்கம் பயிற்சி அதிகாரி கோவர்தன். ஜன்னலோரம், தபால் பையை மடியில் வைத்தபடி டெஸ்பாட்ச் சமீனா. மூலையில், அறையின் ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் கலியன். அவனைப் பற்றித்தான் கூட்டம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்காகக் கோவர்தன் ஒரு பாதுகாப்புப் பாடத்தை ஆன்லைனில் வடிவமைத்திருந்தான். வாத்தியார் கிடையாது. நேரம் கிடைக்கும்போது வந்து, தொழிலாளிக்குரிய டோக்கன் நம்பரைத் தட்டி, அவரவர் வேகத்தில் படித்துக்கொள்ளலாம். நாற்பது பேர் முடித்துவிட்டார்கள். கலியன் மட்டும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. மாதக் கடைசிக்குள் தாண்டாவிட்டால் அவனுக்கு வேலை நிரந்தரம் ஆகாது.

கலியன் நல்ல பையன். ஆரம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவான். ரயில் தாமதமானால், வந்து சேராதவர்களின் வருகைக் கார்டையும் சேர்த்துப் பஞ்ச் அடித்து வைப்பான்.

"எப்ப பாத்தாலும் இங்கதான குந்திகினு கீற. இன்னாதான் பண்ற?" என்றார் மேனேஜர்.

"டைம் பத்தல சார்."

"மத்தவனுக்கெல்லாம் எப்டி பத்துது?"

கலியன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். சமீனா தபால் பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் போலிருக்கிறது என்று கோவர்தன் முடிவு செய்தான். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு குரல் நிதானமாக வாசிக்கும்படி மாற்றினான். வாசித்து முடிக்கும்வரை அடுத்த பக்கம் திறக்காது. எல்லாரும் மறுபடி படிக்கவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினான்.

"எல்லாருமா சார்?" என்றான் கலியன். முகம் வெளுத்திருந்தது.

"எல்லாம் உனக்காகத்தான்யா."

அந்த வாரமே நாற்பது பேரும் முடித்தார்கள். கலியன் முதல் பக்கத்தில் இருந்தான்.

அடுத்து, பக்கத்துக்கு ஒரு கேள்வி சேர்த்தான். அதில் ஓர் அதிசயம் நடந்தது. நாற்பது பேரும் எட்டாவது கேள்வியில் மட்டும் தவறினார்கள், அதுவும் ஒரே தவறு.

"ஆளு தப்பு பண்ணா ஆளுக்கொரு விதமா பண்ணுவான் சார்," என்று கோவர்தன் விளக்கினான். "எல்லாரும் ஒரே மாதிரி பண்ணா கேள்விதான் தப்பு. டிசைன்ல இதையெல்லாம் பாக்கணும்."

மேனேஜர் தலையாட்டினார். கேள்வி மாறியது. எல்லாரும் இன்னொரு முறை என்று புது நோட்டீஸ் வந்தது.

இப்போது கலியன் நாஷ்டாவையும் கம்ப்யூட்டர் முன்னாலேயே தின்றான். ஷிப்ட் முடிந்தும் சைக்கிளை எடுக்கவில்லை. அந்தக் குரல் சொல்வதற்கு முன்பே அவன் உதடுகள் அசைந்தன. சாமியை வேண்டிக்கொள்கிறான் என்று நினைத்துக் கோவர்தன் சற்று இளகினான்.

"நாளைக்கு முப்பத்தொண்ணு. நாளைக்காவது முடிச்சிருவியா?"

"என்னுதா சார்? பாக்கறேன்."

மறுநாள் மாலை நாற்பது பேரும் நூற்றுக்கு நூறு. கலியன் முதல் பக்கத்தில் இருந்தான்.

கோவர்தன் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினான். பாடத்தின் வடிவமைப்பில் குறை ஏதுமில்லை; கலியன் என்பவருக்குக் கற்கும் திறன் இல்லாததால் அவரை நிரந்தரம் செய்யாமல் வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கிறோம். மேனேஜர் கையெழுத்திட்டார். சமீனா உறைக்குப் பசை தடவி ஒட்டி, ஸ்டாம்ப் குத்தி, கூரியர்காரனிடம் கொடுத்தாள். அவன் வண்டி கேட்டைத் தாண்டியது.

"அவ்ளோ அவசரமா இன்னா சார் லெட்டரு?" என்று அவள் கோவர்தனைக் கேட்டாள்.

"கலியன வேலைய விட்டு எடுக்கச் சொல்லி. ஒரு பாடத்தக்கூட அவனால முடிக்க முடியல."

சமீனா விரலில் ஒட்டியிருந்த பசையை மெல்லத் துடைத்தாள்.

"அடுத்த மாசம் தீயணைப்புப் பாடம் வருதுன்னீங்களே சார். அத்த எங்க நாப்பது பேருக்கும் இனிமே யாரு சார் குந்தி முடிப்பாங்க?"