உலக்கை அக்கா எழுதிய இங்கிலீஷ் பரீட்சை

இங்கிலீஷ் இலக்கணத்தைக் கண்ணால் படித்தவர்கள் உண்டு, காதால் கேட்டுப் படித்தவர்கள் உண்டு. உலக்கையால் இடித்துப் படித்தவள் இந்தப் பூலோகத்திலேயே ஒருத்திதான். அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்து, அந்தச் சத்தத்தை முழுசாக அனுபவித்த புண்ணியம் எனக்கு வாய்த்தது.

யுத்த காலம் அது. ஆஸ்பத்திரிகளில் நர்சுகளுக்கு ஏகக் கிராக்கி. ஆனாலும் பயிற்சியில் சேர இங்கிலீஷ் பரீட்சை ஒன்று எழுதித் தேறியாக வேண்டும். நோயாளிக்குச் சுரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால், வினைச்சொல்லுக்கு இறந்த காலம் என்ன என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். இதற்காகச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டீச்சரம்மா தம் வீட்டிலேயே நாலைந்து பெண்களைத் தங்கவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். நான் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து போயிருந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள் அக்கா.

எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவள். மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கல்யாணமாகிப் போனவள். புருஷன் காலராவில் போய்விட, அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு பண்ணையாள் வேலையை ஒருத்தியாகச் செய்துகொண்டிருந்தாள். நர்சுக்குப் படிக்கப் போகிறேன் என்று மாசக்கணக்கில் மன்றாடியதில், அண்ணன் ஒரே ஒரு தடவைக்குச் சம்மதித்திருந்தார். தேறினால் படிப்பு, தவறினால் திரும்பவும் மாட்டுக் கொட்டகை. இரண்டாம் தடவை என்ற பேச்சே கிடையாது.

"நாந்தான் வெள்ளச் சேல கட்டீட்டேனுங்களே, பாதி நர்சு ஆயாச்சுங்க. மீதி இந்த இங்கிலீசுதானுங்க பாக்கி" என்று வந்த அன்றைக்கே சொல்லிச் சிரித்தாள். எங்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அந்த மீதிதான் மலையாக நின்றது. புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் அக்காவுக்கு உடனே தலை சாய்ந்துவிடும். டீச்சரம்மா ஸ்கேலால் தட்டி எழுப்புவார். இப்படியே நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் கொல்லைப்புறத்தில் தொம், தொம் என்று சத்தம். போய்ப் பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா உரலில் கம்பு இடித்துக்கொண்டிருக்கிறாள். உலக்கை மேலே போகும்போது "கோ", கீழே இறங்கும்போது "வென்ட்", கை மாற்றும்போது "கான்". டீச்சரம்மா வாயைப் பிளந்து நின்றார்.

"உக்காந்தாப் புத்தியும் கூடவே உக்காந்துக்குதுங்க டீச்சரம்மா. கையில ஒரு சோலி இருந்தாத்தானுங்க மண்டையில ஏறுது."

அன்றைக்கே அவளுக்கு உலக்கை அக்கா என்று பெயர் வைத்தேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. காசில்லாமல் இடித்துக் கொடுக்கிற மகராசி இருக்கிறாள் என்றால் செவ்வாய்ப்பேட்டை சும்மா இருக்குமா? விடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் முறத்தோடு வந்து நிற்பாள். "என்னம்மா நர்சு, இன்னைக்குப் பாடம் சின்னதா பெருசா? பெருசுன்னா ராகியும் சேத்துக் கொண்டாறேன்." ஒரு நாள் அவள் மிளகாய் வற்றலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டாள். அன்றைக்குப் பாடம் பாஸிவ் வாய்ஸ். வீட்டில் அத்தனை பேரும் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டோம். இன்றைக்கும் பாஸிவ் வாய்ஸ் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்கு அரிக்கும்.

"உங்ககூட இருக்கறதுக்கு ரயிலடியில குடியிருக்கலாம்க்கா" என்று நான் தினமும் சண்டை போடுவேன். "கொஞ்சம் பொறுத்துக்க சாமி, இன்னொரு படி கம்புதான்" என்பாள்.

பரீட்சைக்குச் சில நாள் முன்பு டீச்சரம்மா எங்களை வரிசையாக உட்காரவைத்து ஒரு மாதிரிப் பரீட்சை நடத்தினார். உரல் இல்லை, உலக்கை இல்லை, பேனாவும் தாளும் மட்டும். அக்கா வெள்ளைத் தாளை வெள்ளையாகவே திருப்பிக் கொடுத்தாள். முந்தின நாள் இடித்தபோது மளமளவென்று கொட்டிய அத்தனை வினைச்சொல்லும் போன இடம் தெரியவில்லை. எங்கள் கேலியெல்லாம் அன்றோடு நின்றது.

"மாட்டு மேல எனக்கென்னங்க கோவம்? அதுபாட்டுக்கு இருக்குது" என்றாள் அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆனா செத்தாலும் அந்தக் கட்டுத்தரையிலதான் சாவோணும்னு நெனச்சாத்தானுங்க பயமா இருக்குது."

உடனே வீட்டில் ஆலோசனை நடந்தது. வலது கை எழுதும்போது இடது கைக்கு ஒரு சோலி வேண்டும், அவ்வளவுதானே? புளியில் கொட்டை எடுக்கவைத்தோம். பதில் வந்தது; ஆனால் விடைத்தாள் ரசம் வைக்கிற பதத்துக்கு ஆகிவிட்டது. அப்புறம் நிலக்கடலையைக் கொடுத்தோம். மூட்டை மூட்டையாக விதைக் கடலை உரித்துப் பழகிய கை அது. ஒற்றைக் கையாலேயே டப்பென்று நசுக்கிப் பருப்பை ஒரு பக்கம், தோலை ஒரு பக்கம் தள்ளியது. வலது கை பாட்டுக்கு எழுதியது. டீச்சரம்மா கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டார்.

பரீட்சை நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான அறை. மேட்ரன் துரைசானி காவலுக்கு உட்கார்ந்திருந்தார். ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தத்தில் டப், டப் என்று ஒரு சத்தம். துரைசானி எழுந்து வந்து அக்காவின் மடியைப் பார்த்தார்.

"பெண்ணே, நீ இங்கே தின்பதற்காக வந்தாயா?" துரைசானியின் தமிழ் பாதிரியாரிடம் படித்த தமிழ்.

"திங்கலீங்கம்மா. ஒண்ணுகூடத் திங்கலீங்க. உரிக்கறனுங்க."

அந்தப் பதிலை எந்த மேட்ரன் நம்புவார்? கடலைக்குள் துண்டுச் சீட்டு ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம். எல்லாவற்றையும் மேஜைக்கு அள்ளிப் போய், ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். மிச்சமிருந்த கடலை முழுவதையும் உரித்து முடித்தவர் அவர்தான். ஒரு சீட்டும் கிடைக்கவில்லை. இருந்தாலும் கடலையைத் திருப்பித் தரவில்லை.

வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த அக்கா, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த எனக்கு எழுத ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு எதாச்சும் ஒரு சோலி குடுங்கம்மா. சும்மா உக்காந்தா ஒண்ணும் வரமாட்டீங்குது."

துரைசானி சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் ஒரு கூடை நிறைய, காயங்களுக்குப் போடுவதற்காகத் துவைத்துக் காயவைத்த கட்டுத்துணி சுற்றாமல் கிடந்தது. அதைக் காலால் நகர்த்தி அவள் பக்கத்தில் விட்டார். கோபத்தில் விட்டாரா, இரக்கத்தில் விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு சுருள் சுற்றினாள், ஒரு பதில் எழுதினாள். உதடு முணுமுணுக்க அடுத்த சுருள், அடுத்த பதில். மணி அடித்தபோது தாளும் நிறைந்திருந்தது, கூடையும் ஒழுங்காகியிருந்தது. துரைசானி தாளைத் தொடுவதற்கு முன் ஒரு சுருளை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

முடிவு சொல்லும் நாளில், தேறியவர்கள் அப்போதே விடுதியில் சேர வேண்டும் என்பதால் எல்லாரும் பெட்டியோடு போயிருந்தோம். அக்காவின் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். தங்கை தோற்பாள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. என் பெயரை வாசித்தார்கள். அப்புறம் இரண்டு பெயர். கடைசியாக அக்காவின் பெயர்.

"அம்மிணி, பாசாயிட்டயா?"

"ஆமாங்ணா."

"அப்ப மாட்ட ஆரு பாக்கறது?"

"நீங்க பாருங்ணா."

அண்ணனை எதிர்த்து அவள் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாடு கெடக்குது, உடு. இந்த ஊருல உனக்குன்னு ஆரு இருக்கறாங்க? மேலுக்குச் சொகமில்லாமப் படுத்தா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆரு இருக்கறாங்க? அதச் சொல்லு."

கட்டடம் முழுக்க நர்சுகள் இருக்கிற இடத்தில் நின்று கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவர் குரல் உடைந்திருந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் குனிந்து அவள் பெட்டியைத் தூக்கினார்.

"நான் இருக்கறனுங்க" என்றேன். அவர்கள் ஊர்ப் பேச்சு எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பச் சரி, சாமி" என்றார். தூக்கிய பெட்டியைக் கொண்டுவந்து என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.