ராஜாராமின் நெஞ்சு

"ராஜாராம் நான்தாம்மா," என்று ஜன்னலுக்குள் தலையை நீட்டினார் முருகையன்.

"ஆதார் குடுங்க," என்றாள் ரெக்கார்டு அறை அருள்ஜோதி.

ஆதாரில் முருகையன் என்றல்லவா இருக்கிறது. அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒருவர் பேரைக் கூப்பிட்டால் செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். நெஞ்சு வலியோடு இவர் வந்த அன்று இவர் ஊரான வல்லத்தில் பாதி ஜனம் அங்கே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை மகள் ஜெயக்கொடிக்கு நிச்சயம். விஷயம் தெரிந்தால் மனைவி பவுனம்மாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இவர் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுவாள். அதனால் அவள் தம்பி ராஜாராம் பேரைக் கொடுத்து டெஸ்ட் எடுத்துக்கொண்டார். இப்போது நெஞ்சு இவருடையது, ரிப்போர்ட் மச்சானுடையது. என்ன வந்திருக்கிறதோ என்ற பயத்தில் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆதார் வீட்ல இருக்குது. இல்ல... நான் ராஜாராமோட மாமா. அவருதான் அனுப்புனாரு."

"இப்பதான் நீங்களே ராஜாராம்னீங்க."

"டென்ஷன்ல சொல்லிட்டம்மா. அவரால வர முடியல. படுத்த படுக்கை."

அருள்ஜோதி பதறிப்போய் போனை எடுத்தாள். "நெஞ்சுக்கு டெஸ்ட் எடுத்தவரு படுத்துட்டாரா? வீடு எங்க? ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன்."

"வேணாம்மா. அவரு வயல்ல மல்லாட்டச் செடி புடுங்கப் போயிருக்காரு."

"படுத்த படுக்கையிலேர்ந்தா?"

முருகையன் கடைசி அஸ்திரமாகச் சுவரிலிருந்த நோயாளி உரிமைப் பலகையைக் காட்டினார். "எழுபத்திரண்டு மணி நேரத்துல காப்பி குடுக்கணும்னு போட்டுருக்குது. சட்டம்மா."

"அடுத்த வரியையும் படிங்க. நோயாளிக்கு, இல்லன்னா அவரு கையெழுத்துப் போட்டு அனுப்புனவருக்கு. ஒருத்தர் வியாதிய இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுன்றதும் அதே சட்டம்தான்."

வேறு வழியில்லை. மச்சானிடம் போய் உண்மையைக் கொட்டினார். சண்டைக்கு வருவான் என்று பார்த்தால், "அந்த ஆஸ்பத்திரிக்கா மாமா? நான் எதுக்கு?" என்று நெளிந்தான் ராஜாராம். கெஞ்சிக் கூத்தாடித்தான் அவனை வண்டியில் ஏற்ற முடிந்தது.

அருள்ஜோதி அவன் ஆதாரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தாள்.

"இன்னா எழுதியிருக்குதும்மா?" ராஜாராமின் தோளுக்கு மேலாக எட்டிக் கேட்டார் முருகையன்.

"சொல்லலாமா?" என்று அவள் ராஜாராமைக் கேட்டாள். அவன் தலையாட்டினான். "நெஞ்சு நல்லாவே இருக்குது. வாயுத் தொல்லைதான். நேரத்துக்குச் சாப்பிடணும்."

முருகையனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் நிச்சயத்தில் நிம்மதியாகத் தாம்பூலம் மாற்றலாம். மச்சானை இறுகக் கட்டிக்கொண்டார்.

"கூட வந்த உங்க பேரு?" என்றாள் அருள்ஜோதி.

இனி என்ன பயம்? "முருகையன்," என்று ஆதாரையே எடுத்து வைத்தார். ராஜாராம் அதற்குள் வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தான்.

"அவரை நிக்கச் சொல்லுங்க. போன மாசம் 'நான்தான் முருகையன்'னு சுகர் டெஸ்ட் எடுத்துட்டு, ஆதார் இல்லாம ரிப்போர்ட் தர மாட்டேன்னதுக்கு என்கிட்ட சண்ட போட்டவரு அவருதான். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா அதையும் குடுத்துடுறேன்."