சாவி மலையில், துரை வாசலில்

வாயால் தொழிற்சாலை கட்டியவர்கள் உலகத்தில் ஏராளம். வாயால் கட்டி வாயாலேயே இடித்தவர் இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஒருவர்தான். எங்கள் தோட்டத்து ஜீப் டிரைவர். ‘முதலீடு’ என்றால் தெமோதரை முதல் ஹாலிஎல வரை தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

மூடிக்கிடந்த எங்கள் தேயிலை பெக்டரியை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எடுக்கப்போகிறது என்ற பேச்சு வந்ததிலிருந்து அவர் தொல்லை தாங்கவில்லை. ஒபிசில் கிளாக்கரான நான் நிமிரும்போதெல்லாம் ஜன்னலில் அவர் தலை.

“கிளாக்கரய்யா, வெளிநாட்டுக்காரன் மொதல்ல எதப் பாப்பான்?”

“கூலி கொறவா, கரண்ட் இருக்கான்னு பாப்பான். போயி ஜீப்பக் கழுவுங்கண்ணே.”

“அதான் இல்ல! சனங்க எப்பிடி வாழுதுன்னு பாப்பான். யூடியூப்புல சொன்னாங்க.”

அவர் மகள் கொழும்பில் கார்மண்டில் தைக்கிறாள். பெக்டரி திறந்தால் வீட்டோடு வந்துவிடுவாள். ஊரையே கிழிக்கும் அந்தக் குரல் இதை மட்டும் முணுமுணுக்கும்.

கம்பெனியின் வெளிநாட்டவர் ஒருவர் இடம் பார்க்க வருகிறார் என்றதும், வழக்கப்படி தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தோம். பின்பக்கம் பாசி தன்பாட்டில் பச்சையாய்ப் படர்ந்து கிடந்தது. “ஸ்டேஷனிலிருந்து நேரே பெக்டரிக்கு” என்பது தோட்டத்துத் துரையின் உத்தரவு. மொழிபெயர்க்க நானும் ஜீப்பில் ஏறினேன்.

விருந்தாளியை ஏற்றி வரும் வழியில் முதலீடு ஜீப்பை லயத்துக்குப் பின்பக்கம் திருப்பினார்.

“எங்கண்ணே போறீங்க?”

“வாழ்க்கையக் காட்டப் போறேன்.”

குழிகளில் விழுந்தெழுந்த குலுக்கலில், ஸ்டேஷனில் குடித்த பிளேன்டீ விருந்தாளிக்குத் தன் வேலையைக் காட்டியது. அவர் முகத்தை மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

லயத்துக் கக்கூஸ் ஒவ்வொன்றுக்கும் பூட்டு. சாவி பெண்களின் இடுப்பில். பெண்கள் மலையில், கொழுந்துக் கூடையோடு. சிக்னலும் கிடையாது. முதலீடு கைகளை வாயருகே குவித்து மூடுபனியைக் கிழித்தார்.

“அடியே பாக்கியம்! கக்கூஸ் சாவியக் குடுத்தனுப்பு! வெளிநாட்டுத் தொரைக்கு அவசரம்!”

அவர் மனைவி மேல்மலையில் இருந்தாள். செய்தி கொழுந்து பறிக்கும் பெண்களின் நிரைக்கு நிரை ஏறியது. பதில் இறங்கியது.

“பெரிய அவசரமா, சின்ன அவசரமான்னு பாக்கியக்கா கேக்குது!”

மலை முழுக்கச் சிரிப்பு. வாழைமரத்தடியில் விருந்தாளி ஒற்றைக்காலில் தவமிருந்தார். ஒருவழியாகச் சாவி வந்தது. உள்ளே போன வேகத்தைவிட வேகமாக வெளியே வந்தார்.

திரும்பும் வழியில் ஒன்றுதான் கேட்டார்: “என் அதிகாரிகள் குடும்பத்தோடு இங்கே எப்படி வாழ்வார்கள்?” ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. முதலீடு சொன்னது பலித்தது. வெளிநாட்டுக்காரர் பார்க்கத்தான் செய்தார், தன் ஆட்களின் வாழ்க்கையை.

கம்பெனி வரவில்லை. தோட்டமே முதலீட்டைத் திட்டியது. நான் கூடுதலாகவே திட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், மனுஷன் தன் லயத்துக் காம்பரா வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார். புதுக் கக்கூஸ்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இனி எவன் வரப்போறான்னு இந்த வேல?”

“எம் மக தீவாளிக்கு வருதுங்கய்யா. அது என்னா, வெளிநாட்டுக்காரனவிடக் கொறஞ்ச ஆளா?”

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, சீமெந்து மூட்டையின் மறுமுனையை நான் பிடித்துத் தூக்கினேன்.