வாத்துகிட்ட ரேஸ் விட்ட ஃப்ளைவீல்

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணுதான். என் வொய்ஃபோட தம்பி சரவணனைத் தஞ்சாவூர்லேர்ந்து குடவாசலுக்குப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போகணும்.

வாடகைக் கார் எடுத்திருந்தா இந்தப் பதிவே இருந்திருக்காது.

முந்தின வாரம்தான் என் பழைய காருக்குக் கிளட்ச் மாத்தினோம். கியர்பாக்ஸை இறக்கினதும் ஃப்ளைவீல் தெரிஞ்சுது. என்ஜினுக்குப் பின்னால மாட்டியிருக்குற கனமான இரும்புச் சக்கரம். என்ஜின் திணறாம சீரா சுத்துறதே அந்தக் கனத்தாலதான். இது எனக்கு இப்போ தெரியும்.

அப்போ தெரிஞ்சது ஒரு வீடியோல ஒருத்தர் சொன்னது மட்டும்தான். ஃப்ளைவீலைக் கடைஞ்சு எடையைக் குறைச்சா வண்டி பறக்குமாம்.

மெக்கானிக் செல்வத்துகிட்ட சொன்னேன். திட்டுவாருன்னு பாத்தேன்.

"எனக்கும் ரொம்ப நாள் ஆசை சார். யாரும் வண்டி தர மாட்டேங்குறாங்க"ன்னாரு.

ரெண்டு பேருமா லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனோம். "எவ்வளவு எடுக்கணும்?"னு கேட்டாரு லேத்துக்காரர். "எடுக்க முடிஞ்ச அளவுக்கு"ன்னோம், கோரஸா.

கடைஞ்சாரு. ஒரு பக்கம் கனம் கூடாம இருக்க அங்கங்க துளை போட்டு பேலன்ஸும் பண்ணிக் கொடுத்தாரு.

மாட்டி ஸ்டார்ட் பண்ணா, ஆக்சிலேட்டரைத் தொட்டதுமே சீறுது. செல்வத்துக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

நின்ன இடத்துல வண்டி பிரமாதம். நகர்த்துறதுலதான் சிக்கல். கிளட்சை விட்டா ஆஃப்.

ஞாயித்துக்கிழமை வாசல்லயே ஆஃப். தெருமுனைல ஆஃப். பின்சீட்ல பழத்தட்டை மடில வச்சிருந்த வொய்ஃப், "என்னங்க ஆச்சு வண்டிக்கு?"ன்னா.

"ரேஸ் செட்டப். பழகணும்."

"எது, வண்டியா, நீங்களா?"

பழகினேன். ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சுட்டு கிளட்சை விட்டா ஆஃப் ஆகல. குதிச்சுது. ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு ஆப்பிள் முன்சீட்டுக்கு வந்துச்சு. சரவணன் எடுத்து எடுத்துப் பின்னால கொடுத்தான்.

வலங்கைமான் தாண்டினதும் ரோட்டுல பாதிக்கு நெல்லு காயுது. மிச்சப் பாதில வாத்துக் கூட்டம்.

பிரேக் போட்டேன். ஆஃப். திரும்ப ஸ்டார்ட் பண்ணி, மறுபடி ஆஃப் ஆயிடக்கூடாதேன்னு கொஞ்சம் பலமா மிதிச்சு உறும விட்டுட்டேன்.

அவ்வளவுதான். ரோட்டுல ஒரு வாத்து இல்ல. பாதி வாய்க்கால்ல, மீதி மழை பேஞ்ச அறுப்பு வயல்ல, திசைக்கு ஒண்ணா.

வாத்துக்காரர் கோலைக் காருக்குக் குறுக்கே நீட்டினாரு. "வாத்துகிட்டயா ரேஸ் விடுறீங்க? எல்லாத்தையும் ஒண்ணு சேத்துட்டுக் கிளம்புங்க."

நியாயம். நான் கதவைத் திறந்தேன்.

"நீங்க ஓட்டினதே போதும் அத்தான்"னுட்டு சரவணன் பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சேத்துல இறங்கினான். வொய்ஃப் வரப்புல நின்னு, "தம்பி, அந்தா ஒண்ணு போவுது பாரு"ன்னு வழிகாட்டினா. நான் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு ஓடினேன். என்னைப் பாத்து இன்னும் நாலு வாத்து மிரண்டுச்சு. வாத்துக்காரர் என்னைக் கார்லயே உக்காரச் சொல்லிட்டாரு.

பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மாப்பிள்ளைக்கு முழங்கால் வரைக்கும் சேறு, தலைல ஒரு இறகு. தெருவே எட்டிப் பாக்குற சத்தத்தோட வந்து, அவங்க வாசல்ல ஆஃப் ஆச்சு வண்டி. நானே நிறுத்துன மாதிரி இறங்கினேன்.

பொண்ணோட அப்பா சரவணனை மேலயும் கீழயும் பாத்துட்டு, "கால் அலம்பத் தண்ணி கொண்டாங்க"ன்னாரு. வேற எதுவும் கேக்கல. அது இன்னும் பயமா இருந்துச்சு. இந்த இடம் என்னால போச்சுன்னா மாமியார் வீட்டுப் பக்கம் நான் தலை காட்ட முடியாது.

பொண்ணும் பையனும் கொல்லைப் பக்கம் தனியா பேசட்டும்னாங்க. கைல எடுத்த பஜ்ஜியோட நான் கொல்லைக் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன். திரும்பி வந்தப்போ ரெண்டு பேர் முகத்துலயும் சிரிப்பு.

கார்ல ஏறினதும் கேட்டேன். "பொண்ணு என்னடா கேட்டுச்சு?"

"ஒரே கேள்விதான் அத்தான். 'இந்தக் கார் உங்களுதா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னேன். உடனே சம்மதம்னுட்டாங்க."