குளோரின்காரர் வீட்டுத் தண்ணீர்

"கீழ வை அந்த டம்ளரை!"

கணவர் போட்ட சத்தத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணி திடுக்கிட்டதில் பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது.

"குழாய்த் தண்ணிதானேங்க? நீங்க மருந்து போட்டு அனுப்புறதுதான்."

"அதனாலதான் சொல்றேன்!"

ஊர்க் குடிநீர் நிலையத்தில் குளோரின் கலப்பது அவர் வேலை. சோதனை மாத்திரை போட்டு, தண்ணீர் எவ்வளவு சிவக்கிறது என்று பார்ப்பார்; குளோரின் இருந்தால்தான் சிவக்கும். சந்தேகம் வந்தால் மறுபடியும் பார்ப்பார். சந்தேகம் அவருக்கு எப்போதும் வரும். அன்று பத்திரிகையில் படித்துவிட்டார்: தண்ணீரில் ஊறிய இலைதழைச் சத்தோடு குளோரின் சேர்ந்தால் வேறு சில பொருள்கள் உண்டாகுமாம், அவை கருவைப் பாதிக்குமா என்று ஆராய்கிறார்களாம். கடைசிப் பத்திக்குப் போவதற்குள் வேலைக்கு மணி அடித்துவிட்டது.

போன முறை மூன்றாம் மாதமே கலைந்துபோனது. அந்தத் துக்கம் இருவருக்கும் இன்னும் ஆறவில்லை.

முதலில், மருந்து ஆவியாகப் போகட்டும் என்று தண்ணீரை மூடாமல் கொதிக்கவைத்தார். சமையலறை முழுக்க ஆவி. அந்த வாடைக்கே அவள் வாந்தி எடுத்தாள்.

அடுத்து கரி வடிகட்டி வாங்கி மாட்டினார். முதல் டம்ளர் கறுப்பாக வந்தது.

"இது தண்ணியா, மையா?"

எதையும் குடிக்கப் பிடிக்காமல் அவள் ஒவ்வொரு மடக்காகக் குடித்து நாளை ஓட்டினாள். படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

"மாசமா இருக்கும்போது தண்ணி குடிக்காம இருக்கலாமா? எந்த மேதை சொன்ன யோசனை இது?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார். மேதை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் கேன் தண்ணீருக்குச் சொன்னார். கேன்காரர் தோளில் சுமந்து வந்து இறக்கினார். ஒரு டம்ளர் பிடித்து மாத்திரை போட்டால், துளிகூடச் சிவக்கவில்லை.

"அப்பாடா, குளோரினே இல்ல!" என்றவர் உடனே வெலவெலத்துப்போனார். "ஐயையோ, குளோரினே இல்ல! அப்ப கிருமிய யார் கொல்றது?"

"இருந்தாலும் குத்தம், இல்லாட்டியும் குத்தம். எனக்குத் தாகமா இருக்குங்க!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கும்தான்.

காசுக்காக நின்ற கேன்காரரிடம் ஆற்றாமையோடு கேட்டார்.

"உங்க வீட்ல என்ன தண்ணிப்பா?"

"குழாய்த் தண்ணிதான் சார். என் வீட்டுக்காரியும் மாசமாத்தான் இருக்கா."

"பயமா இல்ல?"

"எதுக்கு சார்? அங்க மருந்து கலக்குறவரு சரியான பயந்தாங்கொள்ளியாம். பத்து தடவ பாக்காம ஒரு சொட்டு வெளிய விடமாட்டாராம்!"