மெயினுக்குப் போட்ட பூட்டு

இந்த வீட்டில் இனி தான் கிழித்த கோட்டைப் பொண்டாட்டி தாண்டக்கூடாது என்று முத்துக்கண்ணன் முடிவெடுத்தான். சிக்கல் என்னவென்றால், பாதிக் கோடு அவள் எழுதியது.

போடியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, அவனும் பொற்கொடியும் ஏலக்காய்க்காரர்களுக்கு ஒரு வெப்சைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். காயைத் தட்டில் பரப்பி, ஸ்டாண்டில் மாட்டிய போனால் படம் எடுத்து அனுப்பினால் போதும். காய் எத்தனை மில்லிமீட்டர் பருமன், என்ன நிறம் என்று சர்வர் சொல்லிவிடும். இருவர் எழுதும் கோடும் 'கிட்' என்ற பதிவேட்டில் சேரும். எந்த வரியை யார் தொட்டார்கள் என்று அது பேரோடு போட்டுக்கொடுக்கும். அவன் மாமியார்கூட அவ்வளவு துல்லியமாகப் போட்டுக்கொடுத்ததில்லை.

படத்தைச் சின்னதாக்குவது அவன் சோலி. அளப்பது அவள் சோலி.

"அளந்துட்டுச் சின்னதாக்குங்க" என்றாள்.

"சின்னதாக்கிட்டு அளந்தா வெரசா முடியும்டீ."

அவன் மாற்றினான். அவள் திருத்தினாள். மறுபடி மாற்றினான். இரண்டு நாள் இதே கூத்து. மூன்றாம் நாள் அவன் சட்டம் போட்டான்.

"இனிமே மெயின்ல எது சேரணும்னாலும் ஓகே வாங்கித்தேன் சேரணும். ரூல் போடு."

மெயின் என்பது கிட்டில் இருக்கும் மூலப் பிரதி; சர்வர் ஓட்டுவது அதில் இருப்பதைத்தான். கிட் கணக்கோ அவள் பேரில் இருந்தது.

"போட்டுரட்டுமா? பெறகு எடுக்கச் சொல்லக்கூடாது."

"ஆம்பள சொன்னா சொன்னதுதேன்."

போட்டாள். இவ்வளவு லேசாக மடங்குவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சந்தோசத்தில் நாலு தோசை கூடுதலாக உள்ளே போனது. அவள் அனுப்பிய திருத்தத்தை ஓகே பண்ணாமலே போட்டுவைத்தான்; மெயினில் அவன் எழுதியதே நின்றது.

மறுநாள் போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் ராக்கையா ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்குப் பிடித்துவிட்டால் மலையில் பாதித் தோட்டம் பின்னாலேயே வரும். தட்டில் பச்சைப்பசேலென்று எட்டு மில்லி காய். படம் எடுத்தார். சர்வர் யோசித்தது. இரண்டு மில்லி என்றது.

"தம்பி, நான் கொண்டாந்தது ஏலக்காயா, கடுகா?"

"சின்னப் பிழைண்ணே. டீ குடிங்க, அஞ்சே நிமிசம்."

அவள் திருத்தத்துக்கு ஓகே கொடுத்தால் ஒரு அமுக்கில் முடியும். ஆனால் அவள் பேர் விழுமே! அவள் எழுதிய நாலு வரியை அப்படியே காப்பியடித்துத் தன் பேரில் அனுப்பினான். 'இன்னொருவர் ஒப்புதல் தேவை' என்றது திரை. அடுப்படிக்கு ஓடினான்.

"ஏய், அந்த ரூலு எனக்குமா?"

"எனக்கு மட்டும்னு நீங்க சொல்லலியே."

"வெரசா ஓகே குடு. மனுசன் கெளம்பிருவாரு!"

"படிக்காம எப்பிடிங்க குடுக்க?" கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை வாங்கினாள். "பதினேழாவது வரியில கமா இல்ல."

"போட்டுட்டேன்."

"முப்பதாவது வரியில அறிவே இல்ல."

"அழிச்சுட்டேன்."

"இந்த நாலு வரி எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

கூடத்தில் ராக்கையா டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உன்னோடதுதேன்" என்றான்.

"அதைக் குறிப்புல எழுதுங்க. பொற்கொடி சொன்னதே சரின்னு."

எழுதினான். கல்யாணப் பதிவில்கூட அவன் இவ்வளவு யோசித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. அவள் ஓகே கொடுத்தாள். சர்வர் எட்டு மில்லி என்றது. ராக்கையா மீசை விரிந்தது.

"பலே! படத்துச் சோலியெல்லாம் யாரு?"

"பூராம் நாந்தேண்ணே!" நெஞ்சு ஒரு சாண் முன்னால் வந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு. சர்வரு பழகுறதுக்கு எல்லாத் தினுசுக் காயிலயும் ரெண்டாயிரம் படம் வேணும்னு பொற்கொடி ஆத்தா போன வாரமே சொல்லுச்சு. ஆளுக்குத்தேன் யோசிச்சேன். நாளைக்கு நம்ம எஸ்டேட்டு ஆளுக போற ஜீப்புல ஏறிரு தம்பி. மேல குளிரும், அட்டை கடிக்கும். ஒரு மாசந்தேன்."

முத்துக்கண்ணன் பொண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஜீப்பு அஞ்சரைக்குங்க" என்றாள் பொற்கொடி. "ஸ்வெட்டரு, அட்டைக்கு உப்பு, ரெண்டையும் நேத்தே பையில வச்சுட்டேன்."